ஈரச் சாக்கு

மேனேஜர் பேனாக்கத்தியால் சாக்கின் வாய்த் தையலை அறுத்தார். "கையை விடு" என்றார். விட்டேன். முழங்கை வரை போனது. உள்ளே சூடாக இருந்தது.

மல்லாட்டைப் பருப்பு மூட்டைக்குள் சூடு இருக்கக் கூடாது. வெயிலில் கிடந்த மூட்டை மேலே சுடும், உள்ளே போகப் போகக் குளிரும். இது தலைகீழாக இருந்தது. கையை வெளியே எடுத்தால் விரல் இடுக்கெல்லாம் பச்சைப் பூஞ்சணம். புளித்த மாவும் காறிய எண்ணெயும் கலந்தது போல ஒரு வாடை. இன்றைக்கும் யாராவது வறுகடலைப் பொட்டலத்தை நீட்டினால் முதலில் மோந்துதான் பார்க்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

வில்லியனூர் ரயிலடி, சரக்குக் கொட்டகைக்குப் பக்கம், காலை பத்து மணி இருக்கும். துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பிய மூட்டைகள் மண்ணில் கிடந்தன. எங்கள் கிட்டங்கிப் பெண்கள் பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். மேனேஜர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சாக்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"யாரு தண்ணி ஊத்துனது?"

யார் ஊற்றியது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாக இந்தத் தொடரில் இந்த இடத்துக்கு வருவதும், சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடுவதுமாக இருக்கிறேன். இந்த வாரமும் நேர்வழியில் போகப்போவதில்லை. அலுத்துக்கொள்ளாமல் கூட வாருங்கள். எனக்கே அலுப்பாகத்தான் இருக்கிறது.

நாலு மாடா, ஆறு மாடா

கடலூரிலிருந்து என்ஜின் ஏற்றி வந்த கட்டை வண்டிக்கு நாலு மாடு பூட்டியதாக எழுதியிருந்தேன். கிருமாம்பாக்கத்திலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஆறு மாடாம். அதில் இரண்டு அவர் பாட்டனுடையதாம். சரி ஐயா, ஆறு. மாட்டை யார் எண்ணினார்கள்? என் கண்ணெல்லாம் என்ஜின் மேலேயே இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடலூரில் ஒரு பட்டறையில் என்ஜின் ஓட்டப் பழகியவன். வெள்ளைக்காரன் சீமையிலிருந்து பிரெஞ்சுக்காரன் சீமைக்கு என்ஜினை அனுப்பியபோது, அதற்கு ஒரு உதிரிச் சாமான் மாதிரி என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். நானும் மிதப்பாகத்தான் வந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலடிக்கு எதிரே ஒரு கிட்டங்கி, சரக்கு சேர்த்துவைக்கிற கிடங்கு. வில்லியனூர், பாகூர் பக்கத்து மல்லாட்டை எல்லாம், அதாவது நிலக்கடலை, அங்கேதான் வந்து அம்பாரமாகக் குவியும். அரியூரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் நாற்பது பெண்கள் நடந்து வந்து, உட்கார்ந்து கையால் உரிப்பார்கள். உரித்த பருப்பு மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகம் போய்க் கப்பல் ஏறும். கப்பல் போய்ச் சேருகிற கரையில் அதில் எண்ணெய் எடுப்பார்கள்.

கையால் உரித்த காலத்தை யாராவது பொற்காலம் என்று எழுதினால் நம்பாதீர்கள். நகக்கண் கிழிந்து ரத்தம் வரும். துணியைச் சுற்றிக்கொண்டு உரிப்பார்கள். விரல் மரத்துப் போனால் பல்லால் கடிப்பார்கள். முன்பல் உடைந்த பெண்கள் அந்தக் கிட்டங்கியில் நாலைந்து பேர் இருந்தார்கள். தொலிக் குவியலில் படுக்கவைத்த கைக்குழந்தைகள் தூசியில் இருமிக்கொண்டே தூங்கும்.

விரலுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கட்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் மறுநாள் உரிக்கவேண்டிய அம்பாரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். விடிவதற்குள் ஓடு இளகிவிடும். தெளிப்பது ஒருத்திதான். அஞ்சலை. அரியூர்க்காரி, நாற்பது வயது இருக்கும், பெண்களுக்கெல்லாம் தலைவி. மற்ற யாரையும் செம்பைத் தொட விடமாட்டாள். ஒரு கைத் தண்ணீர் கூடினால் பருப்பில் பூஞ்சணம் பூத்துவிடும், ஒரு கை குறைந்தால் விரல் போய்விடும். பதினைந்து வருஷமாக அவள் கை தப்பியதில்லை என்றார்கள்.

ஆனாலும் பருப்பில் ஈரம் ஈரம்தானே. துறைமுகத்தில் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். பிறகு கப்பல் போகிற ஊரில், ஈரமே ஆகாது, காய்ந்த பருப்புதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக வந்ததுதான் காயை உடைக்கிற இந்த மிஷின்; அதை ஓட்டத்தான் என் என்ஜின்.

பத்துப் பேர்

மேனேஜர் பெயர் சவரிராயன். புதுச்சேரி டவுன்காரர். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவார். பிரெஞ்சு படித்தவர் என்பதால் எல்லாரும் முசியே என்போம். நல்ல மனுஷர்தான். நாற்பது பேரின் கண்ணைப் பார்த்துப் பேச வராது, அவ்வளவுதான்.

மிஷின் வந்ததும் சுவரில் ஒரு பலகை மாட்டினார். கிட்டங்கிக்குள் தண்ணீர் கூடாது என்று எழுதியிருந்தது. குடிதண்ணீர்ப் பானைகூட வெளியே புங்கமரத்தடிக்குப் போயிற்று. ஓட்டம் விடுகிற அன்று, வேதக்காரராக இருந்தும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பழம் நசுங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டார். பெல்ட்டு படபடவென்று அடிக்கத் தொடங்க, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி மூலைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க நாற்காலி அங்கேயேதான் கிடந்தது.

பெண்கள் அப்படியில்லை. இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். என்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர்ப் பீப்பாய் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதன் விளிம்பில் கஞ்சித் தூக்குகளைத் தொங்கவிட்டுச் சுடவைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் பெல்ட்டு சத்தத்தில் நன்றாகத் தூங்கின. என்ஜினை நிறுத்தினால்தான் விழித்துக்கொண்டு அழுதன.

மூன்றாம் நாள் முசியே அஞ்சலையைக் கூப்பிட்டார். மிஷினில் உடையாமல் வருகிற காயைப் பொறுக்கி எடுக்கப் பத்துப் பேர் போதும், அந்தப் பத்துப் பேர் யார் என்று நீயே சொல்லிவிடு என்றார். டவுன் பஞ்சாலைகளில் ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்ட காலம் அது. இங்கேயும் உட்கார்ந்துவிடுவார்களோ என்று அவருக்கு உதறல். அந்த உதறலைத் தூக்கி அஞ்சலை தலையில் வைத்துவிட்டார்.

அன்று அவள் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை புங்கமரத்தடியில் நின்று பத்துப் பெயர்களைச் சொன்னாள். கை வேகமான பெண்கள் இல்லை. புருஷன் இல்லாதவள், புருஷன் குடித்தே கிடப்பவள், வயலில் இறங்க முடியாதபடி கால் வீங்கியவள், இப்படிப் பத்துப் பேர். தன் கூடப்பிறந்த தங்கை முனியம்மா பெயரைச் சொல்லவில்லை. முனியம்மா புருஷனுக்குப் பண்ணையில் நிரந்தர வேலை இருந்தது.

முனியம்மா குனிந்து இரண்டு கை மண்ணை வாரி அக்காள் முகத்தில் தூற்றினாள். அஞ்சலை துடைத்துக்கொள்ளவில்லை. முப்பது பேரும் அரியூர் ரோட்டில் திரும்பிப் போகிற வரைக்கும் அப்படியே நின்றாள். முசியே அவளை அந்தப் பத்துப் பேருக்கும் தலைவியாக வைத்துக்கொண்டார். தங்கை அதன்பிறகு அவளோடு பேசவே இல்லை.

நான் அப்போது என்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். யாரோ யாரையோ வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், நமக்கென்ன என்றுதான் இருந்தேன்.

பலகையில் இல்லாதது

தை, மாசி இரண்டு மாதமும் பருப்பு முழுசு முழுசாக விழுந்தது. பங்குனி வெயிலில் காய் ஓட்டோடு கலகலத்துப் போயிற்று. மிஷின் அடித்த அடியில் ஓட்டோடு பருப்பும் இரண்டாகப் பிளந்தது. பிளந்த பருப்பு சீக்கிரம் காறிவிடும் என்று துறைமுகத்தில் ஒதுக்கினார்கள். டவுன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இப்படியே போனால் வில்லியனூர்க் கிட்டங்கியை மூடிவிட்டு, காயை டவுனுக்கே கொண்டுவந்து உடைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது.

முசியே கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் படிப்பார். அவருக்கு ஐந்து பெண்கள். நான் சல்லடையை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், பெல்ட்டைத் தளர்த்தினேன். பருப்பு உடைந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு அஞ்சலையிடம் போனேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். "அந்தப் பலகையில இன்னாபா எழுதிக்கீது?"

தண்ணீர் கூடாது என்றிருக்கிறது என்றேன்.

"சாக்கு கூடாதுன்னு இல்லையே?"

அன்று சாயங்காலமே காலிச் சாக்குகளை வெளியே பானைத் தண்ணீரில் முக்கி, சொட்டு இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, அம்பாரத்தின் மேல் போர்த்தினாள். விடிந்ததும் எடுத்தாள். பிறகு அடியில் இருக்கிற காய் மேலே வரும்படி புரட்டிவிட்டாள். வெயில் வாசற்படியைத் தொடுகிறவரை என்னை என்ஜினைக் கிளப்ப விடவில்லை. கிளப்பினேன். பருப்பு முழுசாக வந்தது. உள்ளே ஈரம் இல்லை. ஓடு மட்டும்தான் இளகியிருந்தது.

முசியே ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்தார். மதில்மேல் காய்ந்துகொண்டிருந்த சாக்குகளையும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நாள் கழித்து டவுனிலிருந்து வேறு மாதிரிக் கடிதம் வந்தது. என்ஜின் டிரைவரின் சாமர்த்தியத்தைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதை முசியே எனக்குத் தமிழில் சொன்னார். அஞ்சலையின் பெயரை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

அவள் பாகூர் போன மூன்று நாள்

சித்திரை பிறப்பதற்கு முன்னால் அஞ்சலையின் பெரியம்மா பாகூரில் செத்துப்போனாள். பால் தெளிப்பு முடிந்து வர மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, தான் வருகிறவரை சாக்கு போர்த்தவேண்டாம், உடைகிறது உடையட்டும், மூன்று நாள்தானே என்றாள்.

அவள் போன அன்றே சரக்கு வண்டி வந்துவிட்டது. கப்பல் காத்திருக்கிறது, நாளைக்கே மூட்டை ஏற வேண்டும் என்று முசியே பறந்தார். எனக்கோ சாமர்த்தியசாலி என்று பெயர் வந்து சூடு ஆறவில்லை. ஈரச் சாக்கைப் போர்த்துவதில் என்ன பெரிய வித்தை? பெண்கள் போனதும் என்ஜின் பீப்பாயிலேயே சாக்கை முக்கினேன். கை சுட்டதால் சரியாகப் பிழியவில்லை. போர்த்தினேன். வெயில் கூடுதல், இது போதாது என்று மேலே இரண்டு செம்பு தண்ணீரும் தெளித்தேன். பொய் எதற்கு? நாலு செம்பு.

விடிந்ததும் சாக்கை எடுத்தேன். புரட்டவில்லை, ஆறவிடவில்லை. வண்டி நிற்கிறதே. பருப்பு கொட்டியது பாருங்கள், ஒன்றுகூடப் பிளக்கவில்லை, எண்ணெய் தடவியது போல மினுமினுவென்று இருந்தது. இதற்கா இந்த அம்மாள் இத்தனை பிகு பண்ணினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் வீங்கிய குப்பு என்கிற பெண் ஒரு பருப்பை உருட்டிப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கிறது டிரைவரே என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். பார்த்தாள். மூட்டைகள் தைத்து வண்டி ஏறின. சித்திரை வெயிலில் துறைமுகத்துக் கொட்டகையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து வெந்தன. திரும்பி வந்தன.

ரயிலடி

"யாரு தண்ணி ஊத்துனது?"

அந்தப் பத்துப் பெண்களுக்கும் தெரியும். குப்பு என்னையே பார்த்தாள். நான் கையில் ஒட்டிய பூஞ்சணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்கிற பயம். அதற்கு வேறு நல்ல பெயர் ஏதும் கிடையாது. இத்தனை வருஷம் தேடியும் கிடைக்கவில்லை.

அஞ்சலை பாகூரிலிருந்து திரும்பி ஒரு வாரமாகியிருந்தது. என்ன நடந்தது என்று அந்தப் பத்துப் பேரும் அவளிடம் சொல்லியிருப்பார்கள். அவள் மூட்டைகளைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"நாந்தான் ஊத்துனேன் முசியே. பழக்க தோசம்."

முசியே முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் ரோட்டைத் தாண்டிக் கிட்டங்கிக்குள் போய், பீப்பாயில் தொங்கிய தன் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அரியூர் பக்கம் நடந்தாள்.

சாயங்காலம் முசியேயின் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் தொடங்குவதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"அந்தப் பொம்பள அன்னிக்கிப் பாகூர்ல இருந்தா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"டவுனுக்கு எழுத ஒரு பேரு வேணும்பா. உம் பேர எழுதினா மிஷினு நிக்கும். மிஷினு நின்னா கிட்டங்கியே இல்ல. எனக்கு மட்டும் வேற எடம் இருக்கா?" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரியூருக்குப் போனேன். அஞ்சலை கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சுணை கீறிய கோடுகள். வரப்பில் நின்றுகொண்டு, நாளைக்கு டவுன் ஆபீசுக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ரோட்டில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லிப்புட்டு நீ நல்லவனா பூடுவ தம்பி. அந்தப் பத்துப் பேரு எங்க போவாளுங்க? முப்பது பேரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கினு, கூடப்பொறந்தவ கையால மண்ணு வாங்கிக்கினு, அந்தப் பத்துப் பேர வெச்சிட்டு வந்திருக்கேன். அவளுங்க வூட்ல அடுப்பு எரியணும். நீ போயி மிஷினப் பாரு."

சரி அக்கா என்றேன். திரும்பி நடந்தேன். எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அன்று திரும்பி வரும்போது எனக்கு நெஞ்சு கனக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. வழியில் ஒரு கடையில் இரண்டு இட்லிகூடச் சாப்பிட்டேன். நான் மூன்று வாரமாக எழுதாமல் சுற்றிவந்தது இந்த இட்லியைத்தான்.

அடுத்த தை

அதற்குப் பிறகு சாக்கு போர்த்துகிற வேலையைக் குப்பு எடுத்துக்கொண்டாள். அஞ்சலை செய்தபடியே பிழிந்தாள், புரட்டினாள், ஆறவிட்டாள். செம்பை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். பத்துப் பேரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தையில் வேறு மிஷின் வந்தது. ரப்பர் பட்டை போட்டது, காய்ந்த காயைக்கூடப் பிளக்காது. உடையாத காயை அதுவே சலித்துத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளும். பொறுக்க ஆள் வேண்டாம். அது ஓட்டம் விடுகிற அன்று முசியேவுக்குக் காய்ச்சல் என்று ரயிலில் சீட்டு வந்தது. பெண்களிடம் நீயே சொல்லிவிடு என்று சீட்டில் எழுதியிருந்தது.

புங்கமரத்தடியில் அவர்களை நிற்கவைத்துச் சொன்னேன். அஞ்சலை பெயர்களைச் சொன்ன அதே இடம். எனக்குப் பெயர் சொல்லும் வேலைகூட இல்லை, எல்லாரும் என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. யாரும் அழவில்லை, யாரும் மண்ணை வாரவில்லை. வாரியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தூக்குகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குப்பு மட்டும் வீங்கின காலை இழுத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அப்ப அஞ்சலக்கா போனது எதுக்கு டிரைவரே?"

சண்டை போடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் உள்ளே போய்ப் பெல்ட்டை மாட்டினேன்.